மரத்தின் மேல் பழி

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. காட்டுக்குள் ஆடுவதுதான் ஆட்டம் என்பது ஒன்று. காட்டுக்குள் ஆடுவது வெறும் லாட்டரி, திறந்த வெளியில்தான் திறமை தெரியும் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. ஆனால் ஏன் முதல் கட்சி என்று யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல்தான் ரொம்ப நாள் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், வார இறுதி கிரிக்கெட் லீகில் நல்ல வேகப்பந்து வீச்சாளர். ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு ஹோலும் ஆடி முடித்து, காலில் செம்மண்ணும் சட்டையில் முள்ளுமாகத் திரும்பும்போது அவர் சொன்னார்: “அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. நல்லா எறிஞ்சாலும் மரத்துல படுது, மோசமா எறிஞ்சாலும் மரத்துல படுது. அப்புறம் எதுக்குப் பழகணும்?” நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. குளிக்கும்போது, மீட்டிங்கில் யாரோ எக்செல் ஷீட்டை ஓட்டிக் காட்டும்போது, அது பாட்டுக்கு வந்து நின்றது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரிதான், பந்துக்கும் மட்டைக்கும் பதில் பிளாஸ்டிக் தட்டு. ஒரு மேடையிலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். மேடையிலிருந்து கூடை வரை ஒரு ஹோல். எத்தனை எறியில் முடித்தோம் என்பதுதான் கணக்கு. பெரும்பாலான ஹோல்களுக்கு மூன்று எறி நியாயம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நான் இருக்கும் சார்லட் நகரத்தில், அதாவது மெக்லன்பர்க் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பூங்காக்களில், இதற்குக் கட்டணம் கிடையாது. கேட் இல்லை, டிக்கெட் இல்லை, உடுப்பு விதி இல்லை. காரை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் நடக்க வேண்டியதுதான். பந்து கோல்ஃபுக்குப் போனால் அரைநாளும் பாதிச் சம்பளமும் காலி என்று பயந்த என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். முதல் தட்டு பதினைந்து, இருபது டாலருக்குள் கிடைக்கும். அதைத் தொலைக்காமல் இருந்தால் செலவு அவ்வளவுதான். தொலைப்போம் என்பது வேறு கதை.

நம்மூர் ஆட்கள் பூங்காக் கொட்டகையில் பிரியாணி டிரே சகிதம் பிக்னிக் வைத்திருக்கும் நாட்களில் நான் தோளில் பையோடு அந்தப் பக்கம் போனால் நிச்சயம் ஒரு பெரியவர் கேட்பார்: “ஏம்ப்பா, சாப்பாட்டுத் தட்டையா எறிஞ்சு விளையாடறீங்க?” கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தது என்று அவருக்கு விளக்குவேன். கனெக்டிகட்டில் பிரிஸ்பி என்ற பேக்கரி ‘பை’ (pie) என்ற தின்பண்டத்தை வைத்து விற்ற தகர டின்னை இளைஞர்கள் எறிந்து விளையாடியதிலிருந்துதான் ஃபிரிஸ்பி என்ற பெயரே வந்தது. அவர் சிரித்துவிட்டு ஒரு தட்டில் பிரியாணி வைத்து நீட்டுவார். அதை எறியமாட்டேன்.

நான் வழக்கமாக ஆடுவது நகரின் வடகிழக்கில் இருக்கும் ரீடி க்ரீக் பூங்காவில். ஒட்டினாற்போல் பல நூறு ஏக்கர் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. நடைபாதைகளில் போனால் 18ஆம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றின் இடிபாடுகள்கூட உண்டு. மைதானம் என்று சொன்னால் கண்முன் வருகிற புல்வெளி அங்கே கிடையாது. ஓக், ஹிக்கரி, டுலிப் பாப்லர், ஸ்வீட்கம், நடுநடுவே நெட்டையான பைன். எறியும் மேடையில் நின்று பார்த்தால் கூடை தெரியாது. மரங்களுக்கு நடுவே ஒரு ஆள் கைவிரித்து நின்றால் அடைபடுகிற இடைவெளி தெரியும். அதற்குப் பின்னால் இன்னொன்று. அவ்வளவுதான் உங்களுக்குத் தரப்பட்ட வழி.

சார்லட் இந்த ஆட்டத்தில் சாதாரண ஊர் இல்லை. உலக சாம்பியன் போட்டி இங்கே 1997இலும் 2012இலும் நடந்திருக்கிறது. நகரின் வடமேற்கில் ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்கா என்று ஒன்று. அங்கும் காட்டுக்குள் ஒரு மைதானம். 1780இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் இந்த ஊருக்குள் வந்து அடிவாங்கியபோது இதைக் குளவிக்கூடு என்று திட்டினாராம். ஊர்க்காரர்கள் திட்டையே பட்டமாக வைத்துக்கொண்டார்கள். பூங்காவுக்கும் கூடைப்பந்து அணிக்கும் அதுதான் பெயர். காட்டு மைதானத்துக்குக் குளவிக்கூடு பொருத்தமான பெயர்தான். உள்ளே போகும்போது தெரியாது, வெளியே வரும்போதுதான் எங்கெங்கே கொட்டியிருக்கிறது என்று தெரியும்.

கயிறும் மரமும்

லாட்டரி என்று சொல்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டு பறக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர் ஒருவர் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது தட்டு கடிகார முள் திசையில் சுழலும். வேகம் இருக்கும்வரை நேராகவோ சற்று வலப்பக்கமோ போகும். வேகம் குறையக் குறையக் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழலும் பொருளை ஒரு பக்கம் தூக்கினால் அது அந்தப் பக்கம் எழாது, கால் சுற்றுத் தள்ளித்தான் சாயும். அதனால் தட்டு இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமே இறங்கும். பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டுவதற்கு என்ன காரணமோ அதேதான் இதற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதற்காகவே தட்டின் மேல் நான்கு எண்களை அச்சடித்துத் தருகிறார்கள். திறந்த வெளியில் இந்த எண்களை நம்பி எறியலாம். இறங்கும் இடம் பத்தடி தள்ளிப் போனாலும் புல்தான். காட்டில் தட்டு கையை விட்டுப் போகும்போது ஒரு டிகிரி தவறினால் முப்பதடி தள்ளி ஒரு மரம் காத்திருக்கும். பட்டுத் தெறித்துப் பாதைக்கு நடுவில் விழலாம், முட்புதருக்குள் போகலாம், சில சமயம் எறிந்தவர் காலடிக்கே திரும்பி வரும். ஒரே தவறு, மூன்று வெவ்வேறு தண்டனை. கோயம்புத்தூர்க்காரர் கடுப்பானதில் ஆச்சரியம் இல்லை.

சரி, திறந்த வெளியில் அப்படி எந்த அநியாயமும் இல்லையா? சார்லட்டிலிருந்து தெற்கே அரைமணி நேரம் காரோட்டினால் ராக் ஹில். அங்கே வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில், ஏரிக்கரையைச் சுற்றி, 1999இலிருந்து அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன் போட்டி நடக்கிறது. அழகான இடம், மரங்களும் உண்டு, ஆனால் பெரும்பகுதி புல்வெளி. அங்கே மரங்கள் செய்ய முடியாத வேலையை மஞ்சள் கயிறு செய்கிறது. புல்தரையில் கயிறு கட்டி, தாண்டினால் ஒரு எறி தண்டம் என்று எழுதிவைத்திருப்பார்கள். கயிற்றுக்கு உள்ளே ஒரு அங்குலம், நல்ல எறி. வெளியே ஒரு அங்குலம், தண்டம். இரண்டு பக்கமும் ஒரே புல், ஒரே வெயில். நான் பார்வையாளனாக அங்கே நின்றிருக்கிறேன். தட்டு விழுந்து, உருண்டு, கயிற்றின் மேலேயே யோசித்துக்கொண்டு நின்று, பிறகு வெளிப்பக்கம் சாய்ந்தது. கூட்டம் முழுக்க “ஓ” என்றது. யாரும் அதை லாட்டரி என்று சொல்லவில்லை. மரம் தானாக முளைத்து நிற்கிறது, கயிற்றை ஒரு கமிட்டி கட்டியது. கமிட்டி கட்டியது என்றால் நமக்கு நியாயமாகப் படுகிறது போல.

இன்னொன்றும் கவனித்தேன். 2021இல் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஹோல். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்தது நேராகச் சங்கிலியில் போய் விழுந்தது. அது விழாவிட்டால் பால் மெக்பெத்துக்குப் பட்டம். விழுந்ததால் சமன், பிறகு கூடுதல் ஆட்டத்தில் கான்ராட்டுக்குப் பட்டம். விளையாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே இடத்தில் அதே ஆளை இன்னொரு நூறு முறை எறியச் சொன்னால் எத்தனை முறை உள்ளே விழும்? அதை யாரும் கணக்குப் போட்டு அவர் பட்டத்திலிருந்து கழிப்பதில்லை. கூடைக்குள் விழுந்தால் திறமை. மரத்தில் பட்டால் அதிர்ஷ்டம் கெட்டது. ஆட்டக்காரர்கள் எல்லோருமே இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம். மரத்தில் பட்டு நல்ல இடத்துக்குத் தெறித்த எறிகளை யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்வதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

லாட்டரி வாதத்துக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே உருப்படியான ஆதாரம் கென் கிளைமோ. 1990இலிருந்து 1998 வரை, இடைவெளி இல்லாமல், ஒவ்வொரு வருடமும் உலக சாம்பியன். அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை. அந்த ஒன்பதில் ஒன்று, 1997, இதே சார்லட்டில், இதே மாதிரி மரங்களுக்கு நடுவில். ஒரே ஆளுக்கு ஒன்பது வருடம் தொடர்ந்து விழுகிற லாட்டரியை நான் கேள்விப்பட்டதில்லை. இதை அலுவலகத்தில் சொன்னேன். “அது சாம்பியனுக்கு அண்ணா. நமக்கு?” என்றார் கோயம்புத்தூர்க்காரர். அதுவும் சரிதான். சாம்பியன் எப்படியோ மரத்தைத் தவிர்த்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தவிர்க்க முடியாத சாதாரண ஆளுக்குக் காடு என்ன தருகிறது? அதுதானே கேள்வி.

சீட்டில் வந்த கூட்டாளி

கோடைக்கால மாலைகளில் இங்கே வாரம் ஒரு நாள் இரட்டையர் ஆட்டம் வைப்பார்கள். ஐந்து டாலர் கொடுத்துப் பெயர் கொடுத்தால், சீட்டுக் குலுக்கி யாருடன் யார் என்று சொல்வார்கள். இருவரும் எறியலாம், இரண்டில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து இருவரும் அடுத்ததை எறியலாம். எனக்கு வந்த கூட்டாளி ஐம்பதுகளில் இருந்த ஒரு அம்மா. இரவுப்பணி நர்ஸ், அன்று இரவும் வேலைக்குப் போக வேண்டும். என் முதுகில் ஏறக்குறைய இருபது தட்டுகள் அடங்கிய பை, கூடவே குடை, இரண்டு தண்ணீர்ப் புட்டி. அவரிடம் துணிப்பை ஒன்று, அதில் நான்கோ ஐந்தோ தட்டு. எல்லாம் மெதுவாகப் போகிற வகை. அதில் ஒன்று கூடைக்கு அருகே வந்த பிறகு எறியும் சாதாரணப் பட்டிங் தட்டு, ஓரமெல்லாம் நாய் கடித்த மாதிரி தேய்ந்திருந்தது. இன்றைக்குப் பாரத்தை நாம்தான் சுமக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

முதல் ஹோலில் என் தட்டு மேடையிலிருந்து நாற்பதடி தள்ளி இருந்த ஹிக்கரியில் பட்டு, வலப்பக்கம் கொடிகளுக்குள் போய் மறைந்தது. அந்தக் கொடிகளில் பாதி பாய்சன் ஐவி, தொட்டால் ஒரு வாரம் சொறியும். அவர் எறிந்ததும் மரத்தில்தான் பட்டது. ஆனால் பாதித் தூரத்துக்கு மேல் போன பிறகு ஒரு ஸ்வீட்கம்மில் பட்டு, அடிமரத்திலேயே விழுந்து கிடந்தது. “போதும், இங்கிருந்து எறியலாம்” என்றார். எறிந்தோம். மூன்றில் முடிந்தது. இரண்டாவது ஹோலிலும் கிட்டத்தட்ட இதே கதை. நான்காவதிலோ ஐந்தாவதிலோதான் எனக்கு உறைத்தது: இவரும் என்னைப் போலவே மரத்தில் படுகிறார். என்னைவிடக் குறைவாக இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் அவருடைய தட்டு கிடந்த இடத்திலிருந்துதான் எறிகிறோம்.

அதற்கப்புறம் என் ஆட்டத்தைவிட அவர் ஆட்டத்தைத்தான் பார்த்தேன். அவர் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரா தெரியாது. முழங்கால் அறுவைக்குத் தேதி கிடைக்காததைப் பற்றியும், மகள் கல்லூரிக்குப் போனதும் வீட்டில் நாய்தான் ராஜா ஆகிவிட்டதைப் பற்றியும்தான் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு நின்றது மேடையில் ஏறும்போது மட்டும். நான் மேடையின் நடுவில் நின்று எறிவேன், எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர் இடக்கோடிக்குப் போவார், குனிந்து பார்ப்பார், வலக்கோடிக்கு வருவார், மறுபடி பார்ப்பார். மேடை அதிகம் போனால் ஐந்தாறு அடி அகலம். ஆனால் அந்த ஐந்தடி நகர்ந்தாலே முன்னால் இருக்கும் முதல் மரம் வழியிலிருந்து விலகிவிடுகிறது. தூரத்து மரங்கள் அப்படியேதான் இருக்கும், அவற்றைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பக்கத்து மரத்தில் பட்டால் ஒரு எறி முழுக்க வீண். தூரத்து மரத்தில் பட்டால் வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு பட்டது. இரண்டுமே மரம்தான். இரண்டையும் ஒரே வார்த்தையில் ‘மரத்துல பட்டுடுச்சு’ என்று நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

தட்டு விஷயமும் அப்படித்தான். என் பையில் இருந்தவை பெரும்பாலும் டிரைவர் எனப்படும், தூரம் எறிவதற்கான வேகமான தட்டுகள். கூர்மையான விளிம்பு, கடினமான பிளாஸ்டிக். திறந்த வெளியில் அவை முந்நூறு அடி தாண்டும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகவே வாங்கியவை. அவை மரத்தில் பட்டால் கல் மாதிரி தெறிக்கும், முப்பது நாற்பதடி பக்கவாட்டில் போய் முட்புதரில் உட்காரும். அவருடைய தேய்ந்த மெதுவான தட்டு பட்டால் ‘தொப்’ என்று அங்கேயே விழும். வேகம் குறைவு, பிளாஸ்டிக் மிருது, விளிம்பு மொண்ணை. என் தட்டு தெறித்த திசைக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்திருந்தேன். தெறிக்கிற தட்டைக் கடையில் பணம் கொடுத்து வாங்கியது யார்?

எனக்கு மனதில் நின்றுவிட்டது பத்தாவதுக்குப் பக்கத்தில் ஒரு ஹோல். பாதை நேராக இறங்கி, ஒரு சின்ன ஓடைக்கு முன்னால் இரண்டு டுலிப் பாப்லர்களுக்கு நடுவே நுழைந்து, அப்பால் மேடேறிக் கூடைக்குப் போகும். அந்த இரண்டு மரத்துக்கும் நடுவே எட்டடிகூட இருக்காது. எல்லோரும் மேடையிலிருந்தே அந்த வாசலைக் குறிவைப்பார்கள். நானும் குறிவைத்தேன், இடப்பக்கத்து மரத்தில் பட்டு ஓடைக்குள் போனது. அவர் வாசலைப் பார்க்கவே இல்லை. அதற்கு இருபதடி முன்னால் தரை சமமாக இருக்கும் இடத்தைக் குறிவைத்து, பாதி வேகத்தில், ஏதோ அஞ்சல் பெட்டியில் கடிதம் போடுகிற அலட்சியத்தோடு எறிந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். கூட்டாளி ஓடையில் போட்டாயிற்று, இவர் தைரியமாக ஒன்று எறியக்கூடாதா? அங்கிருந்து வாசல் கைக்கெட்டும் தூரம். இருவரும் எறிந்தோம், இரண்டுமே உள்ளே போயின. கூடைக்கருகே ஒரு எறி. மூன்று. எங்களுக்கு முன்னால் போன இளைஞர்கள் ஐந்து எழுதினார்கள் என்று பின்னால் தெரிந்தது. கைவலு அவர்களில் ஒருவருக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்தது.

இங்கே நிறுத்தினால் கதை ரொம்ப அழகாக முடிந்துவிடும், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். பதினான்காவதில் அவர் எறிந்தது அன்று மாலையின் மிகச் சிறந்த எறி. இடைவெளிக்கு நடுவில், சரியான உயரத்தில், கூடையை நோக்கியே போனது. எங்கிருந்தோ தொங்கிய, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குச்சியில் விளிம்பு உரசியது. அவ்வளவுதான், தட்டு செங்குத்தாக நிமிர்ந்து சக்கரமாக உருண்டு சரிவில் இறங்கி மறைந்தது. அவர் நர்சுகள் மட்டுமே சொல்லத் தகுந்த ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு எந்தத் திட்டமும் இல்லை, மேடையின் எந்தக் கோடியில் நின்றிருந்தாலும் அந்தக் குச்சி கண்ணில் பட்டிருக்காது. அது சுத்தமான அதிர்ஷ்டக்கேடு. அன்று நாங்கள் ஜெயிக்கவும் இல்லை, நடுவில் எங்கோ முடித்தோம். அவர் நேரமாகிவிட்டது என்று பரிசு அறிவிப்புக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

ஆக, லாட்டரி முழுப்பொய் இல்லை. ஆனால் நான் லாட்டரி என்று எழுதிவைத்த செலவுகளில் பெரும்பகுதி வேறு கணக்கைச் சேர்ந்தது. மரத்தில் படுவதா வேண்டாமா என்பது காட்டில் நம் கையில் பாதிதான் இருக்கிறது. எந்த மரத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் புதர் இருக்கும்போது என்பது அனேகமாக முழுக்க நம் கையில். திறந்த வெளி இதைக் கேட்பதே இல்லை. 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஒரு தட்டை 338 மீட்டர் எறிந்தார், காற்றின் துணையோடு, உலக சாதனை. நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டுக்குப் போக வேண்டாத இடம் என்று ஒன்று இருக்கவில்லை. காட்டில் ஒவ்வொரு எறிக்கும் போகக்கூடாத இடங்கள்தான் அதிகம், அவற்றுள் எது பரவாயில்லாத இடம் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டி, தோள் ஒத்துழைக்காத காலத்தில் பிடிக்காமல் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்டால், அதையும் மறுக்கவில்லை.

அடிவாங்குகிறவர்கள்

இவ்வளவு நேரம் மரத்தில் பட்டால் நமக்கு என்ன ஆகிறது என்றே பேசிவிட்டேன். மரத்துக்கு என்ன ஆகிறது?

இந்த ஆட்டத்தின் பழைய கதையில் மரம் இடைஞ்சலே இல்லை, இலக்கு. கூடை வருவதற்கு முன் ஆட்கள் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குறிவைத்துத்தான் எறிந்தார்கள். மரத்தில் பட்டால் ஹோல் முடிந்தது. 1975இல் கலிஃபோர்னியாவின் லா கன்யாடாவில் முதல் நிரந்தர மைதானம் வந்தபோது அந்தப் பூங்காவின் பெயரே ஓக் க்ரோவ், ஓக் தோப்பு. அதை அமைத்த எட் ஹெட்ரிக் முதலில் வெறும் கம்பங்களை நட்டார். தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்று ஓயாத சண்டை. அதற்கப்புறம்தான் சங்கிலி தொங்கும் கூடையைக் கண்டுபிடித்தார். 2002இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் செய்தார்கள். எனவே அவர் இன்னும் எங்கேயாவது ஒரு மரத்தில் பட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அன்றைய தட்டு அகன்றது, மிருதுவானது. 1980களில் விளிம்பு கூர்மையான தட்டுகள் வந்த பிறகு பறக்கும் தூரம் கூடியது. மரத்தில் விழும் அடியின் கனமும் கூடியது. எங்கள் பூங்காவில் எந்த மேடையில் வேண்டுமானாலும் நின்று முதல் மரத்தைப் பாருங்கள். மார்பு உயரத்தில் பட்டை சிதைந்து, நிறம் மாறி, சில இடங்களில் உள்மரம் தெரியும். பைனுக்குத் தடித்த பட்டை, ஓரளவு தாங்கிக்கொள்கிறது. பீச் மரத்தின் பட்டை மெல்லியது, வழவழப்பானது. ஒருமுறை விழுந்த வடு போகவே போகாது. குளிர்காலத்தில் மற்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும்போது இளம் பீச் மட்டும் வெளிறிய காய்ந்த இலைகளை வசந்தம் வரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். காட்டில் அப்போது எனக்குப் பிடித்த மரம் அதுதான். அதன் மேல் தட்டு படும் சத்தம் கேட்டால் ஒரு மாதிரி இருக்கிறது. கீழே நிலைமை இன்னும் மோசம். இந்தப் பகுதி முழுக்கச் சிவப்புக் களிமண். ஆயிரம் காலடி பட்டால் சிமெண்டு போல இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்று போகாது. அடுத்த மழையில் மேல்மண் ஓடையோடு போக, வேர்கள் நரம்பு மாதிரி புடைத்து வெளியே வரும். அந்த வேரில் தடுக்கி விழுந்து நாமும் மரத்தைத்தான் திட்டுவோம்.

விதிப்புத்தகம் இந்த விஷயத்தில் கண்ணியமாகவே இருக்கிறது. தட்டு புதருக்குள் விழுந்தால், கிளைகளை முடிந்தவரை அசைக்காத நிலையில்தான் நின்று எறிய வேண்டும். கிளையை ஒடிக்கக்கூடாது, வளைத்துக் காலால் மிதித்து வைத்துக்கொள்ளக்கூடாது. மண்டி போட்டு, உடம்பை ஒடுக்கி, முள்ளுக்கு அடியிலிருந்து எறிவது ஆட்டத்தின் பகுதி. ஆனால் இந்த விதி ஆட்டத்தின்போதுதான். ஆட்டம் இல்லாத நாளில் ரம்பத்தோடு வருகிற மனிதருக்கு இது பொருந்தாது.

போன வசந்தத்தில் தொண்டர் வேலை நாளில் இதுதான் பேச்சு. ஒரு ஹோலில், மேடையிலிருந்து ஐம்பதடியில், பாதைக்கு நட்டநடுவில் ஒரு ஹிக்கரி. ஏற்கெனவே அடிவாங்கி அடிவாங்கி ஒரு பக்கம் பட்டையே இல்லை. இது நியாயமில்லாத ஹோல், எங்கே எறிந்தாலும் படுகிறது, கவுண்டியிடம் கேட்டு வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மேடையை இரண்டு மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினால் மரம் ஓரத்துக்குப் போய்விடும், ஆட்டமும் சுவாரசியமாகும், அடியும் பாதியாகும் என்று நான் சொன்னேன். புதிய கான்கிரீட் யார் போடுவது, பணம் யார் கொடுப்பது, பழைய ஸ்கோர்களை எப்படி ஒப்பிடுவது என்று வரிசையாகக் கேள்வி. எல்லாமே ஞாயமான கேள்விகள்தான். மேடையை நகர்த்த மூன்று பேர், ஒரு கலவை இயந்திரம், ஒரு சனிக்கிழமை தேவை. மரத்தை வெட்ட இருபது நிமிடம் போதும். இந்த வித்தியாசம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மரம் ஜெயிக்கிற கணக்கு இல்லை இது.

இப்போதைக்கு ஒரு சமரசம். ஹிக்கரியின் அடிமரத்தைச் சுற்றி உயரமாக மரக்கட்டைகளை நட்டுக் கட்டியிருக்கிறோம், அடி அவற்றின் மேல் விழட்டும் என்று. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. வேர் தெரிகிற இடங்களில் மரச்சில்லு கொட்டி மூடுகிறோம், கூடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் பழைய இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். மேடையை நகர்த்தும் யோசனையைக் கவுண்டிக்கு எழுதி அனுப்பச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். படம் வரைந்து, அளவு போட்டு, பாதி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு லோடு மரச்சில்லு வருகிறதாம். அள்ளிப் போட ஆள் வேண்டும், ஆடத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கையுறை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.